நகர்ந்தது பெட்டிதான்

டுரியான் துங்கால் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் கண்ணாடியைப் பற்றி ஆராய்கிறேன் என்றால், சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டுத் தருவாயா என்று கேட்கிறார்கள். நான் கண்ணாடியைத் தொட்டதே இல்லை. கணினிக்குள் ஒரு பெட்டி, அதில் சில ஆயிரம் மூலக்கூறுகள், அவ்வளவுதான். திரவமாக இருக்கும்போது ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு அலையும். குளிரக் குளிர நெரிசல்; அந்த நெரிசலில் அப்படியே உறைந்து நிற்பதுதான் கண்ணாடி. பக்கத்தில் இருப்பது விலகாமல் இது நகர முடியாது. கடைசியில் கூட்டமாகச் சேர்ந்துதான் நகரும். அந்தக் கூட்டம் எவ்வளவு பெரியது என்று அளப்பதுதான் மூன்று வருடமாக என் பிழைப்பு.

போன மாதம் விடை கிடைத்தது. பெட்டியைக் குளிர வைத்ததும் ஏறக்குறைய எல்லா மூலக்கூறும் ஒரே திசையில் போயின. தலைகால் புரியாமல் பேராசிரியரிடம் ஓடினேன். அடுத்து வந்த திங்கட்கிழமை துறையின் முன்னால் பேசச் சொன்னார். ஆராய்ச்சியைத் தொடர எனக்கு இன்னும் ஒரு வருடம் கொடுப்பார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்பது அந்தப் பேச்சைப் பொறுத்தது.

சனிக்கிழமை கார் மக்கர் பண்ணியது. என் கணவர் ஓட்டும் ஃபேக்டரி பஸ்ஸில் சிம்பாங் அம்பாட்டில் ஏறிக்கொண்டேன். வேலைக்குப் போகும் பெண்கள் எல்லாரும் நல்ல தூக்கம். தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவர்களைப் பார்த்து அவர் சிரித்தார்.

"நாப்பது பேரு அலோர் காஜா டவுன் தாண்டியாச்சு. ஒருத்திகூட அசையல, பாரு லா."

பஸ்தான் போகிறது, அவர்கள் போகவில்லை; என் பெட்டியும் அப்படித்தான். பெட்டி மொத்தமும் மெல்ல ஒரு பக்கமாக மிதக்கும். அந்த மிதப்பைக் கழித்த பிறகுதான் அளக்க வேண்டும். முதல் வாரமே சொல்லித் தந்த பாடம். நான் கழிக்கவில்லை. குளிரில் மூலக்கூறுகளின் சொந்த அசைவு குறையக் குறைய, மிதப்பு மட்டும் பெரிதாகத் தெரிந்திருக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து அந்த மிதப்பைக் கழித்தேன். என் பெரிய கூட்டம் காணாமல் போனது. ஒரு மூலையில் பன்னிரண்டு மூலக்கூறுகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்திருந்தன. அதுவும் நிஜமா, என் நப்பாசையா என்று புரியவில்லை. என் மேலேயே ஆத்திரம் வந்தது. சாயங்காலம் வீட்டில் கணவர் கேட்டார்.

"அப்ப அதுங்க சேந்து போவுதா, இல்லயா?"

"தெரியலங்க."

திங்கட்கிழமை எழுந்து நின்றதும் முதலில் தப்பைச் சொன்னேன். நகர்ந்தது பெட்டிதான் என்றேன். மிஞ்சிய பன்னிரண்டையும் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை.

"சரி, அந்தப் பன்னிரண்டு?" என்றார் பேராசிரியர்.

"தெரியவில்லை, சார்."

ஒரு வருடம் கொடுத்தார்கள். எதை நம்பிக் கொடுத்தார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.