பின்பக்கமாக இறங்குகிறவள்

துறைமுகத்துக்குப் போகும் ஹேடோ இறக்கத்தில் சந்திரமதி பின்பக்கமாகவே நடப்பாள். சக்கர நாற்காலியின் கைப்பிடிகளை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அடிக்கொரு தரம் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தபடி. நாற்காலியில் அவள் புருஷன் சொக்கலிங்கம், தாண்டி வந்த மேட்டைப் பார்த்துக்கொண்டே கீழே போவார். “என்னம்மா, தேர ரிவர்ஸ்ல இழுக்கிற?” என்று எதிரே வருகிறவர்கள் கேட்பதுண்டு.

“முன்னால விட்டா ரோட்டுல விழுவாரு. இப்படின்னா எம்மேலதான? விழட்டும்.” சிரிக்காமல் சொல்வாள்.

பெரார்கஞ்ச் காட்டில் வெட்டிய மரக்கட்டை உருண்டு அவர் இடுப்பை முறித்து, கால்களில் உணர்வு போய் மூன்று வருஷம் ஆகிறது. அதிலிருந்து அவளுக்கு உலகம் முழுவதும் சரிவுதான். நின்றால் இரண்டு பிரேக்கையும் போடுவாள். பிரேக்கை நம்பாமல் பையிலிருந்து அரைச் செங்கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அண்டை கொடுப்பாள். செங்கல்லையும் நம்பாமல் தன் காலை வைப்பாள்.

நாற்காலியின் கைச்சட்டங்கள் கழற்றி மாட்டுகிற வகை. கட்டிலுக்கு மாற்ற வசதி; தூக்கும்போது கண்டம். உதவிக்கு வருகிறவர்கள் முதலில் பிடிப்பதோ அதைத்தான். அதனால் யாராவது கிட்டே வந்தாலே, “ஹாத் மத் லகாவ்! லோஹா பக்டோ, நீச்சேவாலா லோஹா!” என்று, சட்டத்தில் கை வைக்காமல் அடியில் இருக்கும் இரும்பைப் பிடிக்கச் சொல்லிக் கத்திவிடுவாள். நல்ல எண்ணத்தோடு கை நீட்டிய வங்காளிக் கடைக்காரர் ஒருவர் இப்போதெல்லாம் இவளைக் கண்டால் உள்ளே போய்விடுகிறார்.

அன்றைக்குக் கப்பல் ஏறவேண்டியிருந்தது. சொக்கலிங்கத்தின் முதுகில் விழுந்த படுக்கைப் புண் ஆழமாகிக்கொண்டே போனது. தீவில் வைத்துப் பார்க்க முடியாது, மெயின்லேண்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதை விட்டால் அடுத்த கப்பல் எப்போது என்று கேட்டால் துறைமுகத்தில் கையை விரித்தார்கள்.

கப்பலுக்குச் சாத்தியிருந்த ஏணிப்படி மழையில் நனைந்து, அலைக்குத் தக்கபடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணன நான் முதுகுல போட்டுக்கறேன் அக்கா. குர்சிய மடிச்சுத் தனியா ஏத்திரலாம்,” என்று நாற்காலியைக் காட்டினான் சரக்கு ஏற்றும் கலாசி கண்ணையா.

“முதுகுல போட நான் என்ன அரிசி மூட்டையா? வண்டியோட தூக்குங்கடா!” என்றார் சொக்கலிங்கம்.

கண்ணையாவின் ஆட்களுக்கு எதைத் தூக்குவதென்றாலும் ஒரே வழிதான்: கயிறு. சந்திரமதி செங்கல்லை எடுத்துப் பைக்குள் போட்டு நிமிர்வதற்குள், கைச்சட்டங்களுக்கு அடியில் கயிற்றைக் கொடுத்து முனைகளைத் தோளில் வாங்கிவிட்டார்கள்.

“ஜோர் லகாகே...”

“ஹைசா!”

ஒரு முழம்கூட எழும்பியிருக்காது. வலதுபக்கச் சட்டம் கழன்று கயிற்றோடு போயிற்று. நாற்காலி ஒருக்களித்துச் சரிந்தது. சந்திரமதி ஓடிவந்து இடுப்பைக் கொடுத்துத் தாங்கினாள். “எறக்குங்க! பாவிகளா, எறக்குங்க!”

இறக்கினார்கள். கயிற்றோடு வந்த சட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான் கண்ணையா. “மாஃப் கரோ அக்கா. இது கழலும்னு...”

“அதத்தானய்யா மூணு வருசமாக் கத்திக்கிட்டிருக்கேன்!”

கப்பல் ஊதியது. சொக்கலிங்கம் ஆடும் படியைப் பார்த்தார். பிறகு, இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்குகிறவளைப் பார்த்தார்.

“வலிக்குதா?”

“இல்லங்க.”

“பொய் சொல்ற.”

அப்புறம் கண்ணையாவிடம், “டேய், குனி,” என்று இரண்டு கைகளையும் நீட்டி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். “மூட்டை கனம் ஜாஸ்தி. பாத்து.”

“சிமெண்டு தூக்குற முதுகுண்ணே. நீங்க பஞ்சு.”

மடித்த நாற்காலியை இன்னொருவன் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போனான். அவன் எந்த இடத்தைப் பிடித்திருக்கிறான் என்று சந்திரமதி பார்க்கவில்லை. கண்ணையாவுக்குப் பின்னால் ஏறினாள். சொக்கலிங்கத்தின் வலது கால் தொங்கி, குதிகால் ஒவ்வொரு படியிலும் இரும்புக் கம்பியில் இடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு கையால் படியோரக் கைப்பிடிக் கயிற்றைப் பற்றிக்கொண்டு, மறு கையை இரும்புக்கும் அந்தக் குதிகாலுக்கும் நடுவே கொடுத்தபடியே மேலே ஏறினாள்.