எனக்குப் போர்த்திய பொன்னாடை
குழந்தைகளுக்கென்று வரும் அரசுப் பணத்தை எதற்குச் செலவழிக்கலாம் என்று யோசனை சொல்லும் குழுவில் சில வருஷம் சம்பளமில்லாமல் இருந்தேன். திருச்சியில் கூட்டம் நடக்கும்போதெல்லாம் ஒன்றைத்தான் கேட்டேன்: திருவானைக்காவல் பக்கம் ஒரு அங்கன்வாடியின் கழிப்பறைக்கு ஒரு கதவு. "கண்டிப்பா பண்ணிடலாங்க" என்பார் அதிகாரி. உடனே யாருக்காவது பொன்னாடை போர்த்துவார்கள். கைதட்டி, போண்டா தின்று, கலைவோம்.

ஒருவழியாகப் பணம் வந்தது. வெளிச்சுவர் முழுக்க யானையும் மயிலும் வரைந்தார்கள். கதவு மட்டும் வரவில்லை. அந்தச் சுவருக்கும் ஒரு திறப்பு விழா, அதில் எனக்கும் ஒரு பொன்னாடை. எரிச்சலில் அதை அங்கன்வாடி டீச்சர் கையில் திணித்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் போனபோது அது கழிப்பறை வாசலில் தொங்கியது.

"மறைப்புக்கு ஆச்சுங்க" என்றார் டீச்சர்.

இத்தனை வருஷம் நான் யோசனை சொல்லி அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது அதுதான்.