ஓரகத்தியின் மாத்திரை

ஓரகத்தி வீட்டில் முருங்கைக்கீரை தாளிக்கிற வாசம் வந்தாலே எனக்கு வயிறு எரியும். கோம்பையில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். எனக்கு இதயத்தில் உலோக வால்வு வைத்து ஆறு வருடம். அதில் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை. கீரையை இஷ்டத்துக்குத் தின்றால் அதன் வேலை கெட்டுவிடும். மாதம் ஒருமுறை தேனிக்குப் போய் ரத்தம் கொடுத்து, மருந்து சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும்.

போன வருடம் அவளுக்குக் காலில் ரத்தம் கட்டியது. அவளுக்கு எழுதிக்கொடுத்தது புது மாத்திரை. மாதாமாதம் பரிசோதனை வேண்டாம், கீரைக்கும் தடையில்லை. நான்தான் துணைக்குப் போயிருந்தேன்; டாக்டர் அதைச் சொன்னபோது அவள் கண் கலங்கியது. சந்தோஷத்தில்தான் என்று நினைத்தேன். கொடுத்துவைத்த மகராசி! எனக்கு மட்டும் ஏன் இந்தச் சனியன்?

குழம்புக் கிண்ணம் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே போய்வந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனவள், அலமாரியில் அவள் கூடுதலாக வாங்கி வைத்திருந்த மாத்திரை அட்டை ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன். ஐந்து நாள் என் மாத்திரையை விட்டு அதைப் போட்டேன். ஐந்து நாளும் கீரை. இரண்டும் ரத்தம் உறையாமலிருக்கத்தானே என்று நினைப்பு.

ஆறாம் நாள் தேனியில் ரத்தம் பார்த்தார்கள். மருந்து வேலை செய்த அடையாளமே இல்லை. டாக்டர் கேட்டதும் உண்மையைச் சொன்னேன். மனிதர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். உலோக வால்வுக்கு அந்த மாத்திரை காவல் இல்லையாம். வால்வில் ரத்தம் கட்டினால் மூளைவரை போகுமாம். வார்ஃபரின் மறுபடி பிடிக்கும்வரை வயிற்றில் ஊசி. வீட்டுக்காரர் வண்டியை நேரே ஊருக்கு விட்டார்.

சாயங்காலம் விஷயம் கேள்விப்பட்டு ஓரகத்தி வந்து உட்கார்ந்தாள்.

"எதுக்குக்கா எடுத்தீக? கேட்டிருந்தா வேணாமுன்னு சொல்லிருப்பேன்ல?"

"ஒனக்கு எல்லாம் சுளுவா வாய்க்குது. எனக்குப் பொறுக்கலடி."

அவள் புருஷன் கேரளாவில் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலையில் இருக்கிறான். தீபாவளி, பொங்கலுக்குத்தான் வருவான்.

"மாசா மாசம் மாமா ஒங்கள வண்டில வச்சுத் தேனிக்குக் கூட்டிட்டுப் போறாக. அங்கன சாப்பாடு வாங்கிக் குடுத்துக் கூட்டியாறாக. எனக்கும் மாசா மாசம் ரத்தம் பாக்கணுமுன்னா, அவரு அதுக்காச்சும் வருவாரேன்னு நெனச்சேன். டாக்டரு வேணாமுன்னதும் அழுதுட்டேன்."

அடுத்த மாதம் நீயும் எங்களோடு வா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அந்த ஒரு நாளை அவளுக்கும் பங்கு வைக்க எனக்கு மனசில்லை.