கோந்து மிஸ்ஸின் கைகள்

கோந்து மிஸ் மண்டி போட்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால். எதிரே நான்கு வயதுப் பையன் ஒருவன் முட்டை அட்டையிலிருந்து வெட்டிய குழி ஒன்றைப் பூ என்று முடிவு செய்து, அதை ஒட்டுவதற்காகக் கோந்து ஊற்றிக்கொண்டிருக்கிறான். ஒரு சொட்டு போதும். அவன் அரை பாட்டிலைக் கவிழ்த்துவிட்டான். அது மேசையில் வழிந்து, அவன் முழங்காலில் சொட்டி, தரைக்கும் வந்துவிட்டது.

“போதுமா கண்ணு?”

“இன்னும் கொஞ்சம், மிஸ்.”

“சரி, ஊத்து. உன் பூ, உன் கோந்து.”

கோந்து கூரை வரைக்கும் போனாலும் அந்தக் கைகள் முன்னால் வராது.

நான் அடுத்த அறையில் எழுத்து சொல்லிக்கொடுப்பவள். கையில் எப்போதும் அடிஸ்கேல் இருப்பதால் எனக்கு ஸ்கேல் மிஸ் என்று பெயர். யாரையும் அடிக்க இல்லை, கோடு போட. ஒரு படம் கோணலாகத் தொங்கினால் எனக்குச் சோறு இறங்காது. அடுத்தவர் வீடாக இருந்தாலும் எழுந்துபோய் நேராக்கிவிட்டுத்தான் உட்காருவேன். அப்படிப்பட்டவளை இந்த மழலையர் பள்ளியில் கோந்து மிஸ்ஸுக்குப் பக்கத்து அறையில் கொண்டுவந்து போட்டது யாருடைய குறும்போ தெரியாது. ஆறு வருடமாக அவருடைய கைவேலை வகுப்பை ஜன்னல் வழியாகப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

கோந்து மிஸ்ஸை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஐம்பத்திரண்டு வயது. குட்டையான, கனத்த உடம்பு. தரையிலிருந்து எழும்போது முழங்கால் இரண்டும் படக் படக்கென்று சத்தம் போடும். “ரெண்டும் ஆஜர்” என்று சொல்லிக்கொண்டே நிமிர்வார். சாயங்காலம் பஸ்ஸில் இடம் கிடைத்ததும் விரல்களில் காய்ந்துபோன கோந்தை உரிக்க ஆரம்பிப்பார். ரேகையோடு முழுசாக வந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் முன்பின் தெரியாதவரானாலும் சரி, காட்டாமல் விடமாட்டார். “பாருங்க, கிழியாம வந்துடுச்சு!” அவர்களும் பாவம், சிரித்துவைப்பார்கள்.

கைப்பையில் பர்ஸைத் தேடினால் பாட்டில் மூடி வரும், ஐஸ் குச்சி வரும், ஜோடி தொலைந்த காலுறை வரும். பர்ஸ் மட்டும் வராது. செருப்புக் கடைக் காவலாளி இவருக்கென்றே நல்ல பெட்டிகளை ஒதுக்கிவைக்கிறார். “மேடம், பூட்ஸ் பெட்டி வந்திருக்கு, கெட்டி அட்டை” என்று ஏதோ கடத்தல் சரக்கு மாதிரி காதோடு சொல்வார். அக்காவின் கணவர் லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். ஒருநாள் என்னிடம் புலம்பினார்: “எங்க வீட்டுல குப்பைத்தொட்டி பட்டினி கிடக்குது, டீச்சர். எதைப் போடப் போனாலும் கையைப் பிடிச்சுக்கிறா.” புலம்பினாரே தவிர, அவர் சட்டைப் பையில் அன்றைக்கு ஒயர் சுற்றி வந்த நாலு பிளாஸ்டிக் உருளைகள் இருந்தன. யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

இவருக்கு நேராக வெட்டவே தெரியாது போல என்று வெகுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மகளோடு பேசியபடியே ஒரு வட்டம் வெட்டினார். அளவு எடுக்கவில்லை, கோடு போடவில்லை. நான் அதன்மேல் ஒரு தட்டை வைத்துப் பார்த்தேன். நூலிழை பிசகவில்லை.

“துணிக்கடையில பதினோரு வருஷம் ஷோகேஸ் அலங்காரம் பண்ணேம்மா. கண்ணாடிக்குள்ள நான் வெச்சது ஒண்ணுகூடக் கோணலா இருந்ததில்ல.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அப்புறம் எப்படிக்கா இந்தக் கண்றாவியெல்லாம் பொறுத்துக்கிறீங்க?”

சிரித்துக்கொண்டே வட்டத்தைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

எங்கள் பள்ளியில் சின்னதுகள் மதியம் தூங்குவதற்கு ஓர் அறை இருக்கிறது. முன்பு சாமான் அடைத்துவைத்த இடம். நீளமாக, சாம்பல் நிறத்தில், உப்புச்சப்பில்லாமல் இருக்கும். இருபத்திரண்டு மெத்தைகள். வாசலில் கொண்டுபோய் விட்டதும் தினமும் ஒன்றாவது “நான் வரல” என்று கதறும். இதற்கு வழி பண்ண வேண்டும் என்று நிர்வாகக் குழுத் தலைவர் ஒரு வால்பேப்பர் சாம்பிள் புத்தகத்தோடு வந்தார். கட்டட இன்ஜினியராக இருந்து ரிடையரானவர். யானை, நிலா, வானவில் என்று பக்கத்துக்குப் பக்கம் பளபளத்தது.

கோந்து மிஸ் குறுக்கே விழுந்தார். “சார், மூணு வாரம் குடுங்க. பசங்களே பண்ணுவாங்க.”

இன்ஜினியர் சார் கெட்டவர் இல்லை, கறாரானவர். “பெற்றோர் வர்ற சனிக்கிழமை வந்து பாக்குறேன். நல்லா இருந்தா சரி. இல்லன்னா வால்பேப்பர்தான். கைவேலை வகுப்பும் வேண்டாம். வெட்டுறது ஒட்டுறதெல்லாம் வீட்டுல பண்ணிக்கட்டும், அந்த நேரத்துல ரெண்டு எழுத்து கத்துக்கட்டும்” என்றார். பெரிய மிஸ், அதாவது எங்கள் தலைமை ஆசிரியை, தலையை ஆட்டிவிட்டார். கைவேலை வகுப்பு இல்லை என்றால் அக்காவுக்கு இங்கே வேலை இல்லை. அந்த நேரம் முழுக்க எனக்கு வந்துவிடும். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது வேண்டாம்.

அக்கா குழந்தைகளை அந்த அறையில் உட்காரவைத்துக் கேட்டார்: “இங்க என்ன இல்ல?” ஒரு வாண்டு யோசித்துவிட்டு “வீடு இல்ல” என்றது. அவ்வளவுதான், வேலை தொடங்கிவிட்டது. காகிதத் தட்டுகள் மீனாகிக் கூரையிலிருந்து தொங்கின. பழைய படுக்கை விரிப்பு உள்ளங்கை அச்சுகளோடு திரையானது. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு மெத்தையின் தலைமாட்டிலும் ஒரு கதவு. பூட்ஸ் பெட்டி அட்டையில் அவரவர் வெட்டி, அவரவர் சாயம் பூசி, பாட்டில் மூடியில் கைப்பிடி வைத்த கதவு. அதற்கடியில் படுத்தால் அவரவர் வீடு.

ஒரு கதவு முக்கோணம். ஒன்றுக்கு ஐந்து கைப்பிடி. ஒன்று முழுக்கக் கறுப்பு, கேட்டால் “உள்ள எல்லாரும் தூங்குறாங்க” என்று பதில் வந்தது. ரெட்டைச் சடை என்று நாங்கள் கூப்பிடும் ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். அவள் சிவப்பு மூடியைக் கதவின் அடியிலேயே, தரையோடு தரையாக ஒட்டியிருந்தாள். சறுக்கிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்கவில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பள்ளி காலியானது. அக்கா போய்விட்டார். நான் போகிற போக்கில் அந்த அறையை எட்டிப் பார்த்தேன். இருபத்திரண்டு கதவுகளும் இருபத்திரண்டு பக்கம் சாய்ந்துகொண்டு நின்றன. வாழ்நாள் முழுக்கத் தூக்குக்குண்டு பிடித்துச் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்த்த மனிதர் நாளைக்கு வந்து இதைப் பார்த்தால் அக்காவுக்கு வேலை போய்விடும் என்று பட்டது. ஸ்கேலையும் பிளேடையும் எடுத்தேன். விளிம்புகளை நறுக்கினேன். முக்கோணத்தை நீள்சதுரமாக்கினேன். ஐந்து கைப்பிடியில் நாலைப் பிய்த்தேன். எல்லா மூடியையும் நடுவில், ஒரே உயரத்தில் ஒட்டினேன். நறுக்கிய துண்டுகளைக் கூட்டி அள்ளிக் குப்பைக் கூடையில் போட்டேன். இரண்டு மணி நேரம். முடித்துவிட்டு வாசலில் நின்று பார்த்தேன். பெரிய ஹோட்டல் வராந்தா தோற்றது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மறுநாள் காலையில் குழந்தைகள் பெற்றோரை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். உள்ளே வந்ததும் நின்றுவிட்டார்கள். ஒன்றும் புரியாமல் கதவு கதவாகப் பார்த்தார்கள். ரெட்டைச் சடை அறையை இரண்டு சுற்று சுற்றினாள்.

“என் கதவு காணோம்.”

“இதோ இருக்கே கண்ணு. உன் சிவப்பு மூடி” என்றேன், வாயெல்லாம் பல்லாக.

“இது இல்ல. இது எட்டாது.”

“உனக்கு எட்டுதே?”

“தம்பிக்கு எட்டாது. தம்பி இன்னும் தவழ்றான்ல?” உதடு பிதுங்கியது. “அவன் வெளியவே உக்காந்திருப்பான்.” அப்புறம் அழுகை வெடித்தது. அவள் அம்மாவின் இடுப்பில் இருந்த எட்டு மாதத் தம்பியும் அவள் அழுவதைப் பார்த்துவிட்டுக் கூடவே அழுதான்.

அந்த நேரம் பார்த்துக் கோந்து மிஸ் உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார். என் கையிலிருந்த ஸ்கேலைப் பார்த்தார். யார் செய்தது என்று கேட்கவே இல்லை. பேயறைந்த மாதிரி நின்ற என் அருகில் வந்து, மெல்லிய குரலில், “எவ்ளோ நேரம் ஆச்சு உனக்கு?” என்றார்.

“ரெண்டு மணி நேரம்க்கா. உங்களுக்காகத்தான்…”

“தெரியும்மா. நானும் பண்ணவதான். என் பொண்ணு நாலு வயசுல காகிதத்துல விளக்குக்கூண்டு ஒண்ணு செஞ்சா. அவ குளிக்கப் போன நேரத்துல நான் அதை நேரா வெட்டி வெச்சேன், அப்படியே ஷோகேஸ் மாதிரி. அதுக்கப்புறம் அவ கத்திரிக்கோலைத் தொடல. ‘அம்மாவே செய்யட்டும், அம்மாதான் நல்லா செய்றாங்க’ன்னுட்டா. இப்ப இருபத்தெட்டு வயசு. இன்னும் தொடல.” சொல்லிவிட்டு என் தோளைத் தட்டினார். “அந்தக் குப்பைக் கூடையை எடுத்துட்டு வா, ஓடு.”

நல்லவேளை, கூடையைக் காலி செய்திருக்கவில்லை. அக்கா அதைத் தரை நடுவில் கவிழ்த்தார். கை தட்டினார். “தங்கங்களா! கதவெல்லாம் கொஞ்சம் மாறிப்போச்சு. அவங்கவங்க கதவை அவங்கவங்க சரி பண்ணுங்க பாப்போம்!” கோந்து பாட்டில்கள் திறந்தன. வெட்டுப்பட்ட முனைகளைத் தேடி ஆளுக்கு ஆள் பாய்ந்தார்கள். நல்ல சட்டை போட்டு வந்த ஓர் அப்பா முக்கோணத்தின் உச்சியைத் தேடி அந்தக் குவியலுக்குள் தலையை விட்டிருந்தார்.

இன்ஜினியர் சார் வாசலில் வந்து நின்றது அப்போதுதான். கக்கத்தில் சாம்பிள் புத்தகம். தரையெல்லாம் கோந்து, சுவரெல்லாம் ஒட்டுப்போட்ட கதவுகள். பெரிய மிஸ்ஸின் முகம் செத்துப்போனது. “சார், அது வந்து…” என்று இழுத்தார். சார் காது கொடுக்காமல் நேரே ரெட்டைச் சடையின் பக்கம் நடந்தார்.

அவள் மூடியை இரண்டு கையாலும் அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அது நழுவியது. மறுபடி வைத்தாள். மறுபடி நழுவியது. கோந்து மிஸ் பக்கத்தில் மண்டி போட்டு, கைகளைப் பின்னால் கட்டியிருந்தார். ஆறு வருடமாக அவரை ஜன்னலிலிருந்து, முன்பக்கமாகவே பார்த்தவள் நான். அன்றைக்குத்தான் முதுகுப் பக்கம் நின்றேன். குரலில் சிரிப்பு, “ம், அப்படித்தான்” என்ற நிதானம். பின்னால் வலது கை இடது மணிக்கட்டை நெரித்துக்கொண்டிருந்தது. நகம் பதிந்து தோல் சிவந்திருந்தது. என் கை துறுதுறுப்பதைவிட அந்தக் கை பத்து மடங்கு துறுதுறுத்தது. அதைத்தான் தினமும், வகுப்பு வகுப்பாக, இருபத்திரண்டு பிள்ளைகளுக்காகப் பிடித்துவைத்திருக்கிறார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இவர் பக்கத்து அறையில் வேலை பார்க்கிறேன் என்பதை அன்றைக்கு யாரிடமாவது சத்தமாகச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

“கைப்பிடியை யாராவது தரையில வைப்பாங்களா, பாப்பா?” என்றார் இன்ஜினியர் சார்.

அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். “தம்பிய இறக்கி விடுங்கம்மா.”

தம்பி இறங்கினான். மெத்தைமேல் இரண்டடி தவழ்ந்தான். சிவப்பு மூடியைப் பார்த்தான். பிடித்தான். இழுத்தான். காயாத கோந்து, மூடி கையோடு வந்துவிட்டது.

“திறந்துடுச்சு!” என்று கத்தினாள் ரெட்டைச் சடை.

அறையே சிரித்தது. இன்ஜினியர் சார் சிரிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே இறங்கி, அந்த மெத்தையிலேயே உட்கார்ந்தார். “இந்தப் பக்கத்துக் கதவு யாரோடது?” என்றார். அப்புறம் அதற்கடுத்தது. உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து இருபத்திரண்டு கதவையும் கேட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. கறுப்புக் கதவின் முன்னால் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கடைசியில் சாம்பிள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கோந்து மிஸ்ஸின் பக்கத்தில் வைத்தார்.

“இதோட பின்பக்கமெல்லாம் வெள்ளைதான். பசங்க ஏதாவது வெட்டி ஒட்டட்டும், வெச்சுக்கங்க. திங்கட்கிழமை வகுப்புக்கு ஆகும்.”

“சரிங்க சார்” என்றார் அக்கா, சாதாரணமாக.

அவர் போன பிறகும் அக்கா மண்டி போட்ட இடத்தை விட்டு அசையவில்லை. ரெட்டைச் சடை மறுபடி மூடியை ஒட்டிக்கொண்டிருந்தாள், இந்த முறையும் கோணலாக. முதுகுக்குப் பின்னால் அந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மணிக்கட்டில் நாலு நகக்குறி. பிறகு, திரும்பிப் பார்க்காமலே, அந்தக் கை என் பக்கம் நீண்டது.

“தூக்கி விடும்மா, ஸ்கேல். இன்னைக்கு ரெண்டும் லீவு.”

ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்தேன். கோந்து இன்னும் காயவில்லை. எழுந்து நின்ற பிறகும் அவர் கையை விடவில்லை.