எதிர்க் கம்பத்தில் நின்ற கோலி

2006 டிசம்பர் 15, வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். இருபத்து மூன்று டிகிரி, லேசான காற்று, மணல் எழும்பவில்லை. துபாயில் வெயில் கடிக்காத நாட்களை எண்ணினால் வருடத்துக்கு நூறு தேறாது. அவற்றில் ஒன்று அது. அப்படிப்பட்ட நல்ல மாலையில், அல் கோஸில் எங்கள் தொழிலாளர் கேம்ப்புக்குப் பின்னால் லாரிகள் நிறுத்தும் திடலில், இருபத்திரண்டு ஆண்கள் ஒரு பந்தை யாருக்கும் வேண்டாத பொருளைப் போல ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். கோல் போட எந்தப் பக்கமும் ஆளில்லை. கம்பத்துக்கு முன்னால் பந்து கிடைத்தவன் திரும்பி நின்று அதை வெளியே உதைத்தான். ரெஃப்ரியாக நின்ற சூடான்காரக் காவலாளி “யல்லா, ஷூட்! ஷூட்!” என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டி, கடைசியில் என்னிடம் வந்தார். “தோனோ பார்ட்டி மாஃபி முக்!” இரண்டு கட்சிக்கும் மூளை இல்லை என்கிறார். மூளை இருந்ததால்தான் இப்படி என்று அவருக்கு நான் எந்த மொழியில் சொல்வது?

நான் அந்தக் கேம்ப்பை நடத்திய கட்டடக் கம்பெனியில் டைம்கீப்பர். பாளையங்கோட்டையில் பி.காம். படித்தவன், அன்றைக்கு ஐம்பத்தெட்டு வயது. யார் எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தான், எத்தனை மணிக்குப் போனான் என்று எழுதுவது வேலை. எழுதி எழுதி, எதையும் எண்ணாமல் இருக்க முடியாதவனாகிவிட்டேன். குழம்பில் விழும் கறித்துண்டைக்கூட எண்ணுகிறேன் என்று ரூமில் சிரிப்பார்கள். அதனால் வெள்ளிக்கிழமை ஆட்டங்களின் கணக்கும் என் தலையில் விழுந்தது. கேம்ப்பில் நான்கு பிளாக், பிளாக்குக்கு ஓர் அணி, அணிக்குப் பன்னிரண்டு பெயர். அந்தப் பன்னிரண்டில் இருப்பவனுக்கு ஸ்டோர் டூட்டி. காலில் அடிபடக் கூடாது, மற்ற கம்பெனிகளோடு ஆட ஆள் வேண்டும் என்று மேலிடம் செய்த ஏற்பாடு. ஸ்டோர் என்றால் கூரை, மின்விசிறி, குளிர்ந்த தண்ணீர். பட்டியலில் இல்லாதவனுக்கு சைட், வெட்டவெளியில் கட்டட வேலை. ஜூலை மாதத்தில் இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு விளங்குமா என்று தெரியவில்லை. காலை ஒன்பது மணிக்கே கம்பி கையுறையைத் தாண்டிச் சுடும். சட்டைமேல் வியர்வை காய்ந்து உப்புக் கோடு விழும். குடித்த தண்ணீர் எங்கே போனது என்று உடம்புக்கே தெரியாது.

விதியைக் கொண்டுவந்தவர் லெபனான்காரர் ஒருவர், அமெரிக்காவில் படித்த இன்ஜினியர். நல்ல மனிதர், எல்லோருக்கும் கைகொடுத்துப் பேசுவார். அங்கே ஃபுட்பாலில் டிராஃப்ட் என்று ஒரு முறை உண்டாம். போன வருடம் கடைசியாக வந்த அணிதான் புது ஆட்களில் முதலில் பொறுக்கிக்கொள்ளுமாம். நம் கேம்ப் சிறியது, ஆகவே கடைசி அணிக்கு மட்டும் புது ஆள் ஒருவன் என்று சுருக்கிக்கொண்டார். “பலவீனமானவனுக்கு முதல் வாய்ப்பு. இதுதான் நியாயம்” என்று எனக்கு விளக்கினார். “அப்படியானால் பலவீனமாக இருக்கப் போட்டி வருமே சார்?” என்று கேட்டேன். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்து, என் தோளில் தட்டி உரக்கச் சிரித்தார்.

எங்கள் பக்கம் தோல்விக்கு இப்படி ஒரு மரியாதை கிடையாது. கல்லூரியில் படித்தபோது நாகர்கோவிலுக்கு ஆடப் போவோம். நான் ஆடியவனல்ல, கணக்கு எழுதப் போனவன். தோற்றால் வந்த பஸ்ஸிலேயே திரும்புவோம். கண்டக்டர்கூட “எத்தனை வாங்குனீய?” என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் கிழிப்பார். வீடு போய்ச் சேர்ந்தால் முடிந்தது. அந்தத் தோல்வியை எடுத்துக்கொண்டு மறுநாள் யாரும் கடைக்குப் போய் ஒன்றும் வாங்க முடியாது. அதில் ஒரு நிம்மதி இருந்தது என்பது அல் கோஸுக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அந்த வருடம் எங்கள் இரண்டாம் பிளாக்கும் நான்காம் பிளாக்கும் ஒரே புள்ளியில் அடியில் கிடந்தன. கடைசி ஆட்டம் இருவருக்கும் இடையில். தோற்பவனுக்குப் புது ஆள். வியாழக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் கேப்டன் காதர் ரூமில் கூட்டம் போட்டான். ராமநாதபுரத்துக்காரன், ஸ்டோர் லாரி டிரைவர், எதையும் சத்தமாகச் சொல்பவன்.

“ஒரு ஆட்டத்த விட்டா ஒரு வருசத்தப் பிடிக்கலாம். கணக்கு சரிதானே சார்?”

“கணக்கு சரி. ஆனா பட்டியல்ல பன்னெண்டு பேருதான். ஒருத்தன் உள்ள வந்தா ஒருத்தன் வெளிய போவணும். அது யாருன்னு இப்பவே சொல்லிட்டு அப்புறம் தோலுங்க.”

“இந்தா, ஆரம்பிச்சிட்டாரு! மனுசன் வாயத் தொறந்தா கழித்தல்தான். உங்க காலேஜ்ல கூட்டல் சொல்லித் தரலியா சார்?”

ரூமே சிரித்தது. வெளியே போகப்போகிறவன் பக்கத்தில் இருப்பவன் என்று ஒவ்வொருவனும் நினைத்துக்கொண்டு சிரித்தான். சிரிக்காதவன் அருளப்பன் ஒருவன்தான். எங்கள் கோலி, கம்பத்தைக் காக்கும் கோல்கீப்பர். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன், முப்பத்தொன்பது வயது. மூன்று கோடை சைட்டில் கம்பி கட்டி, மூத்திரப்பையில் கல் வந்து துடித்து, அதன்பின் கோலியாகப் பட்டியலில் ஏறிப் பிழைத்தவன். ஓட முடியாது என்பதால்தான் அவனைக் கம்பத்தில் நிறுத்தினார்கள். புதிதாக வந்திறங்கிய கூட்டத்தில் அவன் மனைவியின் தம்பி ஜெனிஷ் இருந்தான். இருபத்தொரு வயது, மெலிந்த உடம்பு, கடற்கரை மணலில் விழுந்து விழுந்து கோல் பிடித்துப் பழகியவன். நான்காம் பிளாக் தோற்றால் அவனை ஏறெடுத்தும் பார்க்காது. அவர்களுக்கு மலப்புறத்து ஃபார்வர்டு ஒருவன்மேல் கண். நாங்கள் தோற்றால்தான் ஜெனிஷுக்குக் கூரை. இல்லாவிட்டால் சைட்.

கை கழுவும் குழாயடியில் அருளப்பனைப் பிடித்தேன்.

“ஏல அருளு, எந்த டீம்லயாவது ரெண்டு கோலி வச்சிருப்பானா?”

“வைக்க மாட்டாவ அண்ணாச்சி. தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“நான் மூணு வெயிலு பாத்தவன். அவன் ஒண்ணுகூடப் பாக்கல. எம் பொண்டாட்டி இடுப்புல வச்சு வளத்த பய. நாளைக்கு அவனுக்கு ஒண்ணுன்னா அவ மூஞ்சில நான் எப்பிடி முழிக்க?”

“அவன்ட்ட சொன்னியா?”

“சொல்லப்பிடாது. சொன்னா அவனுக்குக் கை நடுங்கும். கோலிக்குக் கை நடுங்கப்பிடாது அண்ணாச்சி.”

இனி அந்த ஆட்டம். முடிய ஐந்து நிமிடம் இருந்தது, இன்னும் ஒரு கோலும் விழவில்லை. டிரா ஆனால் காசு சுண்ட வேண்டும். அதில் யாருக்கும் நம்பிக்கை இல்லை. திடீரென்று நான்காம் பிளாக்கின் பின்வரிசைக்காரன் திரும்பி, தன் கோலைப் பார்த்தே பந்தை உருட்டினான். அவர்கள் கோலி குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான், கட்டியிருந்த நாடாவையே. இதை அருளப்பன் முன்பே மோப்பம் பிடித்திருக்க வேண்டும். தன் கம்பத்தை விட்டு நடுக்கோடு வரை வந்து நின்றவன், அங்கிருந்து ஓடினான். ஓட முடியாத மனிதன், ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அவ்வளவு பேரையும் தாண்டி ஓடி, எதிரியின் கோலுக்கு முன்னால் விழுந்து, நெஞ்சைக் கொடுத்துப் பந்தைத் தடுத்தான். அங்கே அவன் கையால் தொடக் கூடாது. விழும்போதுகூட இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். நான் எழுதிய எத்தனையோ ஆட்டங்களில் அப்படி ஒரு தடுப்பைப் பார்த்ததில்லை. தெறித்த பந்தைக் காதர் வாங்கி, ஒரே உதையில் எங்கள் வெற்றுக் கோலை நோக்கி அனுப்பினான். நான்காம் பிளாக்காரர்கள் இரண்டு பேர் எங்கள் கோலைக் காப்பாற்றத் தலைதெறிக்க ஓடினார்கள். எட்டவில்லை. பந்து உருண்டு உள்ளே போனபோது சுற்றி நின்றவர்கள் கைதட்டவுமில்லை, ஏசவுமில்லை. சூடான்காரர் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “சதீக், யே கோல் கிஸ்கா?” நண்பரே, யாருடைய கோல் இது? நான் விதிப்படி நான்காம் பிளாக்கின் பெயரில் எழுதினேன்.

அடுத்த வெள்ளி மெஸ்ஸில் புது ஆட்களை வரிசையாக நிறுத்தினார்கள். சட்டை மடிப்புக்கூடக் கலையாத பையன்கள். எதற்கு நிற்கிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. காதர் ஜெனிஷின் பெயரைச் சொன்னான். பதிலுக்கு யாரை வெளியே அனுப்புவது என்று இன்ஜினியர் கேட்டதும் காதரின் சத்தம் எங்கோ போய்விட்டது. தரையைப் பார்த்துக்கொண்டு, “கோலி ரெண்டு எதுக்கு சார்” என்றான். அருளப்பன் பெயரை அடிக்கச் சொல்லி இன்ஜினியர் பேனாவை என்னிடம் நீட்டினார். “சார், இந்த ஆள் இதற்காகத்தான் தோற்றார்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். “ஆமாம், தோற்றதால்தானே மாற்றுகிறோம்” என்று அவர் ஆறுதலாகத் தலையசைத்தார். “பார்த்தீர்களா, முறை வேலை செய்கிறது.”

வேலை செய்தது உண்மைதான். மறு வருடம் இரண்டாம் பிளாக் இரண்டாம் இடத்துக்கு வந்தது. தோற்பதா, ஆடுவதா என்று இன்றைக்கும் வெள்ளிக்கிழமைகளில் பையன்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். கணக்குத் தெரிந்தவன் என்று கேட்கிறார்கள். அடுத்த வருடமும் இருக்கப்போகிறவனுக்கு அந்தக் கணக்கு சரி. பிளாக் இருக்கும், கம்பெனி இருக்கும், திடல்கூட இருக்கும். இரண்டு வருட விசாவில் வந்தவனுக்கு இன்றைய ஆட்டத்தைத் தவிர வேறு ஆட்டம் கிடையாது. அதை விடச் சொன்னால் அவன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பான்? இதை நான் சொல்லும்போது அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறார்கள். பிறகு காதரிடம் போகிறார்கள்.

அருளப்பன் ஜனவரியில் சைட்டுக்குப் போனான். ஜூனில் முதல் தடவை விழுந்தான். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பினார்கள். ஜூலையில் மூத்திரத்தில் ரத்தம் வந்தது. இரண்டு சிறுநீரகமும் பழுது, இனி இங்கே வேலை செய்யத் தகுதியில்லை என்று ஆகஸ்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஏர்போர்ட்டுக்குக் கம்பெனி பிக்கப்பில் நானும் ஜெனிஷும் கூடப் போனோம். எட்டு மாதத்தில் பையனுக்குத் தோள் அகன்றிருந்தது. ஸ்டோரில் நிழலிலேயே இருந்ததால் நிறமும் குறையவில்லை.

“அத்தான், ஒரு ஆட்டத்துல நீரு எந்தப் பக்கத்துக் கோலின்னே உமக்குத் தெரியலியாமே? இன்னும் பிளாக்ல சொல்லிச் சிரிக்கானுவ.”

அருளப்பன் முகத்தில் நீர் கோத்து வீங்கியிருந்தது. அதோடே சிரித்தான். “ஆமாடே. வெயிலு கண்ணுல அடிச்சிட்டு.”

என்னைப் பார்த்தான். அந்த ஆட்டம் நடந்தது டிசம்பரில், இருபத்து மூன்று டிகிரியில்.

இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை அவனுக்கு நாகர்கோவிலில் ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். ஜெனிஷ் அனுப்பும் பணம் அதற்குத்தான் போகிறது. நான் இன்னும் அதே கம்பெனி கேட்டில் உட்கார்ந்து, உள்ளே வருகிற, வெளியே போகிற ஆயிரத்துச் சொச்சம் பேரை நிமிடம் தவறாமல் எழுதுகிறேன். பாளையங்கோட்டையில் என் வீட்டுக் கதவை இன்றைக்கு யார் திறந்தார்கள், யார் சாத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒப்பந்தம் முடியாமல் போகிறவனுக்குக் கம்பெனி டிக்கெட் தருவதில்லை. திருவனந்தபுரத்துக்கு ஒரு வழி, ஓர் ஆள், அந்த ஆகஸ்டில் என் சம்பளத்தில் பிடித்தது: எண்ணூற்று நாற்பது திர்ஹம்.