கத்தும் என்றார் மெக்கானிக்

சின்ன ஆம்ப்ளிஃபயர் பெரிய ஸ்பீக்கரை ஒன்றும் செய்துவிடாது என்று நம்பினேன். நூறு வாட் தாங்கும் ஸ்பீக்கருக்கு முப்பது வாட் ஆம்ப் என்றால், யானைமேல் அணில் ஏறிய மாதிரிதானே? இந்த அறிவோடு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கிறேன்.

ஸ்பீக்கர்கள் என்னுடையவை அல்ல. மச்சினன் கொச்சிக்கு மாறியபோது, ஃப்ளாட்டில் இடமில்லையென்று எங்கள் கரமனை வீட்டில் விட்டுப்போனவை. "அத்திம்பேர், உங்களை நம்பித்தான்" என்று அவன் சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை, அவற்றைத்தான் பார்த்தான். ஆம்ப் மட்டும் என்னுடையது.

அதைப் பழுது பார்த்துக் கொடுத்த கிழக்கேகோட்டை மெக்கானிக் நாகர்கோவில்காரர்; கடையில் பேச்செல்லாம் மலையாளம்தான். "சாரே, ராக் பாட்டுக்கு இந்த ஆம்ப் போராது. வால்யூம் முழுக்கக் கூட்டினா ட்வீட்டர் கத்தும், கேட்டேளா" என்றார். மலையாளத்தில் 'கத்தும்' என்றால் எரியும்; அவர் மலையாளத்திலேயே பேசியிருந்தால் அப்படிப் புரிந்திருக்கும். எனக்காக மெனக்கெட்டுத் தமிழில் பேசினார். நானும் மரியாதையாகத் தமிழிலேயே புரிந்துகொண்டேன். ராக் பாட்டு கத்தாமல் பின்னே தாலாட்டவா செய்யும்?

ஒரு ஞாயிறு காலை, டிரம்ஸ் உச்சத்தில் இருக்கையில், அடுக்களையிலிருந்து மனைவி கேட்டாள்: "என்ன, பாட்டு போர்வையைப் போத்திண்டு பாடறது?"

இன்னும் கூட்டினேன். பிறகு இடது ஸ்பீக்கரில் காதை வைத்தேன். மேலே இருக்கும், கீச்சு ஒலிகளுக்கான சின்ன ட்வீட்டர் ஊமை. கருகல் வாடை. சனிக்கிழமை மச்சினன் ஸ்பீக்கர்களை எடுத்துப்போக வருகிறான்.

"மின்னல்" என்று கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். ஒரு வாரமாக வெயில் கொளுத்துகிறது. "பல்லி" என்றேன். என் முகமே நம்பவில்லை.

மறுநாள் ஸ்பீக்கரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

"கத்தும்னு அன்னைக்கே பறஞ்சேனே சாரே!"

"கத்தட்டும்னுதானே வச்சேன்!"

அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். புது ட்வீட்டரை மாட்டியபடியே விளக்கினார்: சின்ன ஆம்ப் சக்திக்கு மீறி ஓடும்போது ஒலியின் உச்சியை வெட்டிவிடும், அதில் பிறக்கும் சூடு முழுக்க ட்வீட்டரில் போய் இறங்கும். பெரிய ஆம்ப் பாதி வால்யூமில் நிம்மதியாகச் செய்வதைச் சின்னது உயிரைக் கொடுத்துச் செய்யும். போவது மட்டும் அடுத்தவர் உயிர். ஆபீஸில் நான் 'முடியாது' என்று சொல்லத் தெரியாமல் ஏற்றுக்கொண்ட வேலைகளும், அவற்றை முடிக்க ராத்தங்கியவர்களின் முகங்களும் நினைவுக்கு வந்தன.

சனிக்கிழமை மச்சினன் செருப்பைக் கழற்றும் முன்பே உண்மையைச் சொல்லிவிட்டேன். மின்னலுக்குச் சாட்சி சொல்ல மனைவி மறுத்திருந்தாள்.

"இடதா?" என்றான்.

"இடது."

"வலது நான் எரிச்சதுதான் அத்திம்பேர். மாத்திட்டுத்தான் இங்கே கொண்டுவந்தேன். அதுவும் சின்ன ஆம்ப்தான்."

சாப்பிட்டுவிட்டு ஸ்பீக்கர்களைக் காரில் ஏற்றினான். ஆம்ப்பையும் தருகிறேன் என்றேன். வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போனான்.