தேங்காயோடு யானை பார்க்கப் போனோம்

ட்ரிப் வேன் ஓட்டுறவனுக்கு மலை ரோட்டு வளைவுல தலை சுத்தாதுங்க, ஏறுற சனம்தான் சுத்த வைக்கும். ஸ்டியரிங் பிடிச்ச சகோதரங்களே, உங்களுக்குச் சொல்லவா வேணும்!

போன மாசம் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துல கொழுந்தெடுக்கிற அஞ்சு பொம்பளைங்களை உடவளவைக் காட்டுக்கு யானை பார்க்கக் கூட்டிட்டுப் போனேன். மாரியாயி அக்காதான் தலைவி. மகள் தர்ஷினி ஏ.எல். பரீட்சை பாஸ் பண்ணினா நிஜ யானை முன்னால தேங்காய் உடைக்கிறதா பிள்ளையாருக்கு நேர்ந்திருந்தாங்க. மகள் பாஸ். மிருகங்களைப் பத்திப் பட்டப்படிப்பு படிக்கக் கம்பஸ்ல இடமும் கிடைச்சிருச்சு. அடுத்த கிழமை போறா, அதுக்குள்ள நேர்த்தி தீரணும்னு அவளையும் கூட்டிட்டு வந்தாங்க.

பெரட்டு

விடிஞ்சதும் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போற ஜீப் வந்து நின்னுச்சு. ஏறுங்கன்னேன். யாரும் அசையல. வரிசையா நின்னு என் மூஞ்சியவே பார்த்தாங்க. தினம் காலையில வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்துல நின்ன பழக்கம்! நான் டிரைவருங்க, கங்காணி இல்லைன்னு சொல்லிப் பார்த்தேன். மாரியாயி அக்கா கேட்டாங்க:

"பேரு கூப்பிடாம எப்படி தம்பி ஏறுறது?"

கேட்டுல

பார்க்கு வழிகாட்டி ஒரு சிங்கள ஐயா. பையைப் பிரிச்சுப் பார்த்துட்டு, யானைக்கு எதுவும் கொடுக்கக் கூடாது, தேங்காய் உள்ள போகாதுன்னுட்டார். அக்கா தனக்குத் தெரிஞ்ச சிங்களத்துல பிள்ளையார் கதையெல்லாம் சொல்லிக் கெஞ்சினாங்க. மனுசன் மசியல. போதாததுக்கு தர்ஷினியும் அவர் பக்கம் சேர்ந்துக்கிட்டா. ருசி கண்ட யானை ரோட்டுக்கு வந்து லொறியில அடிபடும்னா. தேங்காய் கேட் மேசையிலேயே உக்காந்துருச்சு. அக்காவுக்குக் கண்ணு கலங்கிருச்சு.

"பெத்தவ நேர்ந்தா, படிச்சவ தடுக்குறா!"

மயில் கூட்டம்

ரெண்டு மணி நேரம் சுத்தினோம். மயில், நாரை, கழுகு, இருவாச்சி எல்லாம் வந்துச்சு, யானை மட்டும் வரல. தர்ஷினி ஒவ்வொரு பறவைக்கும் பேர் சொல்லச் சொல்ல, வழிகாட்டியே திரும்பித் திரும்பிப் பார்த்தார். அக்காவுக்கு அதுலயா மனசு போகும்? மயிலெல்லாம் முருகனோட வாகனமாச்சே, அந்தக் கணக்குல ஒரே புலம்பல்.

"தம்பி வாகனம் இத்தன வந்திருக்கு, அண்ணன எங்கப்பா காணோம்?"

சத்தம்

திடீர்னு பக்கத்துப் புதர் சலசலத்துச்சு. தேயிலைக்குள்ள பன்னி சலசலத்தா கூட்டமா சத்தம் போட்டு விரட்டுறது இவங்க வழக்கம். யோசிக்கவே இல்ல, அஞ்சு பேரும் ஒண்ணா "ஹோய்"னு கத்திட்டாங்க. ஒரு பெரிய கறுத்த முதுகு தெரிஞ்சுச்சு, அப்படியே மறைஞ்சு போச்சு. அக்கா தலையில கை வச்சுட்டாங்க.

"ஐயோ, சாமிய நானே விரட்டிட்டேனே!"

தண்ணிக்கு வந்தது

வழிகாட்டி ஒண்ணும் திட்டல. ஜீப்பைக் குளத்தங்கரைக்கு விடச் சொல்லி, வாயில விரலை வச்சுக் காட்டினார். அரை மணி நேரம் ஒருத்தரும் தும்மக்கூட இல்ல. கடைசியா யானை வந்துச்சுங்க, குட்டியோட! அக்கா கை கூப்பி அழுதாங்க. எனக்கும் அழுகை வந்துருச்சு, இதுல என்ன வெக்கம்.

வெளிய வந்ததும் வழிகாட்டி தேங்காயை ரெண்டு கையாலயும் எடுத்துக் கொடுத்தார். இங்கேயே உடைச்சிருங்கக்கான்னேன். யானை முன்னாலன்னு நேர்ந்தது, மாத்த முடியாதுன்னு பிள்ளையார்கிட்டயே தவணை கேட்டுக்கிட்டாங்க. "இவ நாலு வருசம் படிச்சு முடிச்சு இதே கேட்டுல ஆபிசரா நிப்பா, அப்ப வேற தேங்காயோட உன் வேன்லயே வர்றேன் தம்பி!"

தர்ஷினி அம்மா தோளைக் கட்டிக்கிட்டுச் சொன்னா:

"அப்பவும் உள்ள விட மாட்டேம்மா."

நாலு வருசத்துக்கு முந்தியே, அதுவும் கேட்டோட திரும்புறதுக்குன்னே வேன் பேசி வச்ச சனம் என் தொழில்ல இவங்க மட்டும்தாங்க.